சுதி சேர்த்த எஞ்சின்

கச்சேரி மேடையில் மிருதங்க வித்வான் வந்து உட்கார்ந்ததும் என்ன செய்கிறார், கவனித்திருக்கிறீர்களா? எடுத்த எடுப்பில் வாசிக்க ஆரம்பித்து விடுவதில்லை. ஒரு சின்னக் கல்லையும் கட்டையையும் எடுத்து வாத்தியத்தின் விளிம்பைச் சுற்றிலும் 'டொக், டொக்' கென்று தட்டுகிறார். காதைக் கிட்டே கொண்டு போய்க் கேட்கிறார். திருப்தியில்லை, மறுபடி ஒரு தட்டு. முன் வரிசையில் இருக்கும் மாமிகளுக்குப் பொறுமை போய்விடுகிறது. "இன்னும் எத்தனை நாழி தட்டுவார்?" என்று பக்கத்தில் கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிஷத் தட்டல் இல்லாவிட்டால், அதற்கப்புறம் நடக்கும் இரண்டு மணி நேரக் கச்சேரியைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. வித்வான் புது வாத்தியம் எதுவும் வாங்கவில்லை. இருந்த வாத்தியத்திடமிருந்தே அதன் முழு நாதத்தையும் வரவழைக்கிறார், அவ்வளவுதான்.

மோட்டார் உலகத்திலும் இப்படிச் சுதி சேர்க்கிற வித்வான்கள் இருக்கிறார்கள். கம்பெனியிலிருந்து வந்த காரைப் பட்டறைக்குக் கொண்டு போய், அங்கே ஒரு தட்டு, இங்கே ஒரு சீவல் என்று சரிசெய்து, செய்தவர்களே எதிர்பார்க்காத வேகத்தில் ஓட வைப்பார்கள். அந்த வேலைக்கும் 'டியூனிங்' என்றுதான் பெயர். அப்படிப்பட்ட இரண்டு சின்னப் பட்டறைகளைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். ஒன்று ஜெர்மனியில், ஒரு பழைய மாவு மில்லில் பிறந்தது. மற்றொன்று நம்முடைய கோயமுத்தூரில். இரண்டுமே வளர்ந்தன. ஆனால் வளர்ந்த விதம் வேறு.

"கார் பந்தயத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டப் போகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உலகத்தில் முதல் முதலாக மோட்டார் காரைச் 'சுதி சேர்த்தது' ஒரு குடும்பப் பெண்மணிதான். பெர்த்தா பென்ஸ் என்று பெயர். 1888-ம் வருஷம் ஆகஸ்டு மாதம், கணவரிடம் சொல்லாமல், அவர் கண்டுபிடித்த மூன்று சக்கர வண்டியில் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து தாய் வீடு இருந்த போர்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டு விட்டார். வழியெல்லாம் ரிப்பேர். எரிபொருள் குழாய் அடைத்துக் கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார் என்றும், மின்சாரக் கம்பி தேய்ந்தபோது காலுறைப் பட்டையைச் சுற்றிச் சமாளித்தார் என்றும் சொல்வார்கள். பிரேக் கட்டைகள் தேய்ந்ததும் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் தோல் வைத்துத் தைக்கச் சொன்னாராம். வீடு திரும்பியதும் கணவரிடம், "மேட்டில் ஏற இன்னொரு கியர் வேண்டும்" என்றார். கார்ல் பென்ஸ் மறு பேச்சுப் பேசாமல் சேர்த்தார். மனைவி சொல்லே மந்திரம் என்பதற்கு மோட்டார் சரித்திரத்தில் இதைவிட நல்ல சாட்சி கிடையாது!

சத்தமா, சக்தியா?

சமீபத்தில் பெரம்பலூர் பக்கம் போயிருந்தேன். பெரம்பலூரிலிருந்து துறையூர் போகும் வழியில் குரும்பலூர் என்று ஒரு பேரூர். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் விளைகிற சீமை. கலைக் கல்லூரி ஒன்றும் இருப்பதால் காலை வேளையில் சாலை முழுவதும் இளைஞர் கூட்டம். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, தெருவையே உலுக்கிக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. மாட்டுக் கொட்டிலில் கன்றுக்குட்டி மிரண்டு கயிற்றை இழுத்தது.

"எங்க வீட்டுப் பிள்ளைதானுங்க!" என்றார் அந்த அம்மாள், சற்று வெட்கத்தோடு. "வாங்கின வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. சைலன்சரைக் கழட்டிப் போட்டுட்டு வேற எதையோ மாட்டிக்கிட்டு வந்திருக்கான். ஏன்டா தம்பி இப்படின்னா, 'டியூன் பண்ணியிருக்கேம்மா, ரேஸ் வண்டி மாதிரி போகும்'ங்கிறான். எனக்கென்னங்க தெரியும்? ராத்திரி அவன் வீடு வர்ற வரைக்கும் வாசல்லயே உட்கார்ந்திருக்கேன்."

இந்த அம்மாள் ஒருவர் மட்டும் அல்ல. ஊருக்கு ஊர் இப்படித் தாய்மார்கள் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

எஞ்சின் என்பது ஒரு அடுப்பு மாதிரி. காற்று உள்ளே போக வேண்டும், எண்ணெய் எரிய வேண்டும், புகை வெளியே போக வேண்டும். உள்ளே போகும் காற்று தாராளமாகப் போனால் அடுப்பு நன்றாக எரியும். ஆகவே சுதி சேர்ப்பவர் முதலில் பார்ப்பது, காற்று போகும் பாதை. வார்ப்படத்தில் வந்த சொரசொரப்பைத் தேய்த்து வழவழப்பாக்குவார். வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற தண்டு ஒன்று உண்டு. அதன் வடிவத்தை மாற்றுவார். சிலிண்டரின் மூடியை மயிரிழை சீவி, உள்ளே அழுத்தம் கூடும்படி செய்வார். அழுத்தம் கூடினால் சக்தி கூடும்; பிரஷர் குக்கர் வைத்திருக்கிறவர்களுக்கு அழுத்தத்தின் மகிமையை நான் சொல்ல வேண்டியதில்லை. அளவு மீறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது எடை. துணி துவைக்கும் இயந்திரத்தில் ஈரப் போர்வை ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டால் இயந்திரமே கூடத்தில் நடக்க ஆரம்பித்து விடுகிறதல்லவா? எஞ்சினுக்குள்ளும் அதே கதைதான். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் ஓடுகிற பிஸ்டன்கள் ஒன்றுக்கொன்று சில கிராம் வித்தியாசம் இருந்தாலும் உதறல் எடுக்கும். ஆகவே நகைக் கடைக்காரரைப் போல ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துச் சமன் செய்வார்கள். இத்தனையும் செய்த பிறகு பிரேக்கையும் டயரையும் அந்த வேகத்துக்குத் தகுந்தாற்போல் மாற்றுவார்கள். நல்ல பட்டறையில் ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிற அதே மூச்சில் நிறுத்தத்தைப் பற்றியும் பேசுவார்கள்.

இந்தப் பட்டியலில் சத்தம் எங்கே வந்தது? வரவே இல்லை! சைலன்சரை மட்டும் கழற்றிப் போட்டால் பெரும்பாலும் கூடுவது சத்தமே தவிர சக்தி அல்ல. புகை போகும் குழாயின் நீளத்தையும் அகலத்தையும் எஞ்சினுக்குப் பொருத்தமாகக் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். அதைக் கண்டபடி மாற்றினால் சில சமயம் இருக்கிற சக்தியும் குறையும். அது போக, பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பைத் திருத்தக் கூடாது என்று 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டமும் சொல்கிறது. வித்வான் யாரும் மிருதங்கத்தைக் கிழித்துவிட்டு, "சுதி சேர்த்தேன்" என்று சொல்வதில்லை.

ஒரு கிராமத்தின் முதல் எழுத்து

இனி ஜெர்மனிக் கதை. 1960-களில் ஹான்ஸ் வெர்னர் ஆஃப்ரெக்ட், எர்ஹார்ட் மெல்ஷர் என்று இரண்டு பேர் பென்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். கம்பெனி பந்தய வேலைகளை நிறுத்திவிட்டது. இவர்களுக்கோ அதை விட மனமில்லை. பகலில் கம்பெனி வேலை. மாலையில் ஆஃப்ரெக்டின் வீட்டில் எஞ்சின் வேலை. குரோஸாஸ்பாக் என்ற கிராமத்தில் இருந்தது அந்த வீடு. 1965-ல், அவர்கள் சுதி சேர்த்த எஞ்சினோடு அவர்களுடைய சகா ஒருவர் ஜெர்மன் பந்தயங்களில் இறங்கிப் பத்துத் தடவை ஜெயித்தார். அப்புறம் கேட்பானேன்? 1967-ல் இருவரும் துணிந்து வேலையை விட்டு, பக்கத்து ஊரில் ஒரு பழைய மாவு மில்லை வாடகைக்குப் பிடித்துச் சொந்தப் பட்டறை தொடங்கினார்கள்.

பெயர் வைப்பதில் பெரிய கற்பனை எதுவும் செய்யவில்லை. ஆஃப்ரெக்டின் 'ஏ', மெல்ஷரின் 'எம்', மூன்றாவதாக ஆஃப்ரெக்ட் பிறந்த கிராமமான குரோஸாஸ்பாக்கின் 'ஜி'. 'ஏ.எம்.ஜி.' தயார்!

1971-ல் பெல்ஜியம் தேசத்து ஸ்பா பந்தயத்துக்கு இவர்கள் ஒரு காரைக் கொண்டு போனார்கள். இருபத்து நான்கு மணி நேரம் ஓயாமல் ஓட வேண்டிய பந்தயம் அது. வந்து நின்ற காரோ, பெரிய மனிதர்கள் பின் ஸீட்டில் சாய்ந்துகொண்டு போகிற சிவப்பு நிறப் பெரிய பென்ஸ். ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. சின்னச் சின்னப் பந்தயக் கார்களுக்கு நடுவில் அது நின்றது, ஓட்டப் பந்தயத்துக்குச் சம்பந்தி மாமா வந்து நின்றது போல இருந்திருக்கும். ஆனால் கம்பெனியிலிருந்து 250 குதிரைச் சக்தியோடு வந்த அந்த ரகத்து எஞ்சினை, மில்லுக்காரர்கள் 428 குதிரைச் சக்தியாக உயர்த்தியிருந்தார்கள். பந்தயம் முடிந்தபோது சம்பந்தி மாமா தம் பிரிவில் முதலாவது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டாவது! மறுநாள் உலகத்துக்கே அந்த மாவு மில்லின் விலாசம் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் வளர்ச்சிதான். 1976-ல் அஃபால்டர்பாக் என்ற ஊரில் பெரிய இடம். 1990-ல், எந்தக் கம்பெனியை விட்டு வந்தார்களோ அதே பென்ஸ் கம்பெனி ஒப்பந்தம் பேச வந்தது. 1999-ல் பெரும் பங்கை வாங்கியது. 2005-ல் முழுவதையும் வாங்கிவிட்டது. பட்டறை, சமுத்திரத்தில் கலந்த நதியாகிவிட்டது. ஆனாலும் ஒரு வழக்கத்தை இன்றுவரை விடவில்லை. அங்கே கையால் பூட்டும் எஞ்சினை ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே தொழிலாளி பூட்டுகிறார். முடித்ததும் தம் கையெழுத்துப் பொறித்த தகட்டை அதன் மேல் பதிக்கிறார். "இது நான் செய்தது, குறை இருந்தால் என்னைக் கேள்" என்று அர்த்தம்.

குரும்பலூரின் 'கு'வை முதுகில் எழுதிக்கொண்டு கார்கள் உலகமெல்லாம் ஓடினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். குரோஸாஸ்பாக்குக்கு அந்த அதிர்ஷ்டம் அடித்திருக்கிறது.

கோயமுத்தூர்க் கைவண்ணம்

இனி நம்மூருக்கு வருவோம்.

குரும்பலூர் வயல்களில் கிணற்றடிக்குப் போய் மோட்டார் பம்பைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். கோயமுத்தூர் என்ற பெயரைப் பார்ப்பது அபூர்வமல்ல. பஞ்சாலைகள் வந்ததால் இயந்திரம் பழுது பார்ப்பவர்கள் வந்தார்கள். அவர்களுக்காக வார்ப்படச் சாலைகளும் லேத்துப் பட்டறைகளும் வந்தன. பட்டறைகளிலிருந்து பம்பும் மோட்டாரும் வந்தன. இரும்பைக் கண்டால் பயப்படாத ஊர் அது. அந்த ஊரில், பஞ்சாலைத் தொழிலில் இருந்த ஒரு குடும்பத்தில் பிறந்தவர் எஸ். கரிவர்தன். நண்பர்களுக்குக் 'கரி'.

அவர் காலத்தில் நம் நாட்டில் கார் பந்தயம் என்றால் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாவது உலக யுத்த காலத்து விமானத் தளம். 1953-ல் ஆரம்பித்த சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் அங்கே பந்தயம் நடத்தினார்கள். கூட்டத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் ஓடுகிற கார்களைப் பார்த்தால் ஒரு உண்மை தெரியும். பணம் படைத்தவர்கள் வெளிநாட்டிலிருந்து பந்தயக் காரைத் தருவித்து ஓட்டுவார்கள். மற்றவர்கள் அம்பாஸடரையும் பியட்டையும் ஹெரால்டையும் வைத்துக்கொண்டு முடிந்த வரை சுதி சேர்த்துப் பார்ப்பார்கள். திறமை இருந்து பணம் இல்லாத பையன் வேலிக்கு வெளியே நின்று கைதட்ட வேண்டியதுதான்.

கரிவர்தனும் பந்தய வீரர்தான். பணமும் இருந்தது. தாம் மட்டும் வேகமாகப் போய்க்கொண்டிருந்தால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் வேறு மாதிரி யோசித்தார்.

1983-ம் வருஷக் கடைசியில் மாருதி 800 கார் வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, திரும்பி வரும்போது கறிகாய் வாங்கிக்கொண்டு வருகிற கார். அந்தச் சாதுவான எஞ்சினில் கரிவர்தன் பந்தயக் குதிரையைக் கண்டார். எடை குறைந்த எஞ்சின். எந்த ஊரிலும் உதிரி பாகம் கிடைக்கும். தெரு முனை மெக்கானிக்குக்கும் அதன் நாடி தெரியும். அதை எடுத்து, ஒருவர் மட்டும் உட்காரும் சின்னஞ்சிறு பந்தயக் காரில் ஓட்டுபவரின் முதுகுப் புறம் பொருத்தினால் என்ன?

கோயமுத்தூர்ப் பட்டறையில் கார்கள் பிறந்தன. மேலே கூரை கிடையாது, கதவு கிடையாது, அலங்காரம் கிடையாது. இரும்புக் குழாய்ச் சட்டம், நாலு சக்கரம், நடுவே ஒரு ஆள். எஞ்சின் சின்னதுதான். ஆனால் சுமக்க வேண்டிய பாரம் குறைந்துவிட்டால் சின்ன எஞ்சினும் சிட்டாகப் பறக்கும். 1980-களின் பிற்பகுதியில் தொடங்கிய அந்தப் பந்தய வகைக்கு 'பார்முலா மாருதி' என்று பெயர்.

இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே ரக எஞ்சின், ஒரே மாதிரி வண்டி. ஆகவே யாருடைய அப்பா பணக்காரர் என்பது பந்தயத்தைத் தீர்மானிக்காது. யார் வளைவில் சரியாகத் திருப்புகிறார், யார் பிரேக்கை அளவாக மிதிக்கிறார் என்பதே தீர்மானிக்கும். ஜெர்மனிப் பட்டறை ஒரு காரை மற்ற கார்களைவிட வேகமாக்கியது. கோயமுத்தூர்ப் பட்டறை எல்லாக் கார்களையும் சமமாக்கியது. முன்னது வண்டிக்குச் சுதி சேர்த்தது என்றால், பின்னது ஓட்டுகிற பிள்ளைகளுக்குச் சுதி சேர்த்தது.

திறமை இருக்கிறது என்று தெரிந்தால் கரிவர்தன் காரையும் கொடுத்து வாய்ப்பும் கொடுப்பார். இப்படி அவரால் முன்னுக்கு வந்த வீரர்கள் பலர். ஆனால் நாற்பதை ஒட்டிய வயதில், 1995-ம் வருஷம், ஒரு வானூர்தி விபத்தில் அவர் காலமானார். பெரிய கம்பெனி எதுவும் ஒப்பந்தம் பேச வரவில்லை. பங்கு மார்க்கெட்டில் அவர் பெயர் ஏறவில்லை. கணக்குப் புத்தகத்தை மட்டும் வைத்துப் பார்க்கிறவர்கள், "இதில் வளர்ச்சி எங்கே இருக்கிறது?" என்று கேட்கலாம்.

பதில் இருக்கிறது. கோயமுத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் என்ற பையன் 1990-களின் ஆரம்பத்தில் ஸ்ரீபெரும்புதூர்ப் பந்தயச் சாலையில் ஒரு பார்முலா மாருதியில் ஏறி உட்கார்ந்தான். அங்கிருந்து பிரான்ஸ், இங்கிலாந்து என்று போய், 2005-ல் ஜோர்டன் குழுவின் காரில், பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியன் ஆனான். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2000-ம் வருஷம் பார்முலா மாருதியில் தேசிய சாம்பியன். 2010-ல் பார்முலா ஒன் போனான். பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய இந்தியர்கள் இதுவரை இந்த இருவர்தான். இருவருமே தமிழ்நாட்டுக்காரர்கள். இருவருமே கறிகாய் வாங்கப் போகிற காரின் எஞ்சினில் பாடம் படித்தவர்கள். இந்தக் கணக்கை எந்தப் புத்தகத்தில் எழுதுவது?

பட்டறை வழக்கமும் அவரோடு போய்விடவில்லை. கோயமுத்தூரில் சங்கிலி தயாரிக்கும் எல்.ஜி.பி. நிறுவனத்தார் அதே கொள்கையில் 'பார்முலா எல்.ஜி.பி.' கார்களைச் செய்து, புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வழி திறந்தார்கள். அந்த நிறுவனத்தைச் சேர்ந்த பி. விஜயகுமாரின் முயற்சியில் கோயமுத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் ஒரு பந்தயச் சாலை எழுந்தது. 2003-ல் திறக்கப்பட்ட அதற்கு, 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று பெயர். இரண்டு கிலோ மீட்டரைச் சற்றே தாண்டும் அந்தச் சுற்றில் ஓடுகிற ஒவ்வொரு பிள்ளையும் கரிவர்தனின் பெயர் மேல்தான் ஓடுகிறது.

பிள்ளை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். பெண் பிள்ளைகள் கோபிக்க வேண்டாம். சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா மோட்டார் சைக்கிளிலும் காரிலும் ஆண்களோடு போட்டி போட்டு ஓடிக் காட்டியிருக்கிறார். பெர்த்தா பென்ஸின் வம்சத்துக்கு முடிவு கிடையாது!

வாசலில் காத்திருக்கும் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். "வேகம் கூடாது" என்று தலையில் அடித்துக்கொண்டால் பையன் காதில் ஏறாது. அந்த வயதில் நாமும் யார் சொல்லையும் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக அவனை ஒரு கேள்வி கேளுங்கள்: "எஞ்சினைப் பிரித்துத் திரும்பப் பூட்டத் தெரியுமா, தம்பி?" தெரியாது என்றால், அவன் வாங்கி மாட்டியது வேகம் அல்ல, வெறும் சத்தம் என்று அவனுக்கே புரியும். தெரியும் என்றால் சந்தோஷப்படுங்கள். கை சும்மா இருக்கவில்லை. கை முழுவதும் கிரீஸோடு அவன் வந்து நின்றால், "இதற்காகவா காலேஜுக்கு அனுப்பினேன்?" என்று மூக்கைச் சிந்த வேண்டாம். ஆஃப்ரெக்டின் கையும் கரிவர்தனின் கையும் அப்படித்தான் இருந்திருக்கும். நல்ல பட்டறையில் சேர்த்துவிடுங்கள். ஓட்டித்தான் தீர வேண்டும் என்றால் அதற்கென்று தனிச் சாலை இருக்கிறது, ஆம்புலன்ஸ் இருக்கிறது, ஹெல்மெட்டைப் பரிசோதித்து உள்ளே விட ஆட்கள் இருக்கிறார்கள். நம் தெருவில் அது எதுவும் கிடையாது. கன்றுக்குட்டியும், பள்ளிக்கூடம் போகிற குழந்தையும்தான் உண்டு.

சுதி சேர்ந்த எஞ்சின் அதிகம் கத்தாது. காது கொடுத்துக் கேட்டால், தம்புராவைப் போல ஒரே சீராக ரீங்காரம் செய்யும்.